காக்காவா, தாத்தாவா? பேச்சு சிகிச்சை படிப்பவர்களுக்குத் தொழில்நுட்பம் எப்படி உதவுகிறது

ஐந்து வயதுக் குழந்தை ஒன்று காக்கா படத்தைப் பார்த்து "தாத்தா" என்கிறது. பக்கத்தில் இருக்கும் அம்மா சிரித்துவிடுகிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் பயிற்சி மாணவி தன் தாளில் 'க வரவில்லை, த வருகிறது' என்று குறித்துக்கொள்கிறார். சரியாகத்தான் குறித்தாரா? குழந்தை சொன்னது அசல் 'த'வா, இல்லை 'க'வுக்கும் 'த'வுக்கும் நடுவில் ஏதோ ஒன்றா? இன்னொரு முறை சொல்லச் சொல்லலாம் என்றால், குழந்தை அதற்குள் நாற்காலியை விட்டு இறங்கி ஓடிவிட்டது.

பேச்சு சிகிச்சையைக் கற்பதில் உள்ள அடிப்படைச் சிரமம் இதுதான். எலும்பு முறிவைப் படிப்பவருக்கு எக்ஸ்ரே படம் இன்றும் இருக்கும், நாளையும் இருக்கும். பேச்சு அப்படி நிற்பதில்லை. வாயை விட்டு வந்ததும் போய்விடுகிறது. கல்வித் தொழில்நுட்பம் என்று பெரிதாகச் சொல்கிறோமே, அது இந்தத் துறையில் முதலில் செய்வது ஒரே ஒரு வேலை. ஓடிப்போகும் பேச்சைப் பிடித்து நிறுத்தி, மாணவர் வேண்டிய தடவை கேட்கவும் பார்க்கவும் விடுகிறது. தவறாகக் கணித்தாலும் யாருக்கும் பாதிப்பு வராத ஓர் இடத்தையும் கொடுக்கிறது. கீழே வரும் கருவிகள் எல்லாம் இந்த இரண்டில் ஏதோ ஒன்றைத்தான் செய்கின்றன.

யார் இந்தப் பேச்சு சிகிச்சையாளர்?

ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் பேச்சு வராத குழந்தைக்குப் பேசக் கற்றுக்கொடுப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது வேலையில் ஒரு பகுதி. திக்கிப் பேசுபவர்கள், குரல் கம்மிப்போன ஆசிரியர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு சொற்களைத் தொலைத்தவர்கள், வாயால் பேச முடியாமல் கருவி வழியாகப் பேசுபவர்கள் என்று எல்லாரும் இவர்களிடம் வருகிறார்கள். விழுங்க முடியாமல் தவிப்பவர்களையும் இவர்கள்தான் கவனிக்கிறார்கள். இது பலருக்கும் தெரியாது. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. பேசுவதற்கு உதவும் உதடு, நாக்கு, அண்ணம், குரல்வளை எல்லாமே விழுங்குவதற்கும் வேண்டியவை.

இத்தனை வகை மனிதர்களையும் ஒரு மாணவர் படிக்கும் காலத்துக்குள் நேரில் பார்த்துவிட முடியாது. பயிற்சிக்குப் போகும் இடத்தில் யார் வருகிறார்களோ அவர்களைத்தான் பார்க்க முடியும். குழந்தைகளை மட்டுமே பார்த்துப் பழகிய ஒருவர், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தலையில் அடிபட்ட ஒரு பெரியவர் முன்னால் உட்கார நேரிடலாம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆசிரியர்கள் தொழில்நுட்பத்தைத் தேடிப் போனார்கள்.

முதலில் காதைப் பழக்க வேண்டும்

நம் காது நேர்மையானது என்று நம்புகிறோம். உண்மையில் அது எதிர்பார்ப்பதைத்தான் கேட்கிறது. தாய்மொழியில் உள்ள ஒலிகளுக்கு மூளை முன்கூட்டியே அறைகள் கட்டி வைத்திருக்கிறது. புதிதாக ஓர் ஒலி வந்தால் பக்கத்தில் இருக்கும் அறைக்குள் தள்ளிவிடும். சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கு இது வசதி. சிகிச்சையாளருக்கு ஆபத்து.

இங்கேதான் பிராட் என்ற மென்பொருள் கைகொடுக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பூர்ஸ்மா, டேவிட் வீனிங்க் இருவரும் உருவாக்கியது, இலவசமாகவே கிடைக்கிறது. டச்சு மொழியில் 'பிராட்' என்றால் பேச்சு. பதிவு செய்த குரலை இதில் திறந்தால் அது ஒரு படமாக விரியும். இடமிருந்து வலமாக நேரம் ஓடும், கீழிருந்து மேலாக அதிர்வெண் ஏறும், ஒலி வலுவாக இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும். முதல் முறை பார்ப்பவருக்குப் புகை படிந்த கண்ணாடி போலத்தான் இருக்கும். சில வாரம் பழகிவிட்டால் உயிரெழுத்துகளின் கரும்பட்டைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

சரி, நம் காக்காவுக்கு வருவோம். 'க' சொல்லும்போது நாக்கின் பின்பகுதி எழும்பி, அண்ணத்தின் பின்னால் மென்மையாக இருக்கும் மெல்லண்ணத்தைத் தொடுகிறது. 'த' சொல்லும்போது நாக்கு நுனி பல்லைத் தொடுகிறது. வாய்க்குள் நடக்கும் இந்த வித்தியாசம் படத்திலும் தடம் பதிக்கும். 'க'வை ஒட்டி வரும் உயிரொலியில் கீழிருந்து இரண்டாவது, மூன்றாவது பட்டைகள் ஒன்றையொன்று கிள்ளுவது போல நெருங்கி வரும். 'த' பக்கத்தில் அப்படிப் பொதுவாக வராது. மாணவி குழந்தையின் பதிவைத் திறந்து, அது 'காக்கா'வுக்குச் சொன்ன 'தாத்தா'வையும், உண்மையான தாத்தாவைக் கூப்பிட்ட 'தாத்தா'வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். சில குழந்தைகளிடம் இரண்டு படமும் வேறு வேறாக இருக்கும். காதுக்கு ஒன்றுபோலவே கேட்டாலும், குழந்தை இரண்டு ஒலிகளையும் பிரித்துச் சொல்ல முயன்றிருக்கிறது. அந்த முயற்சி நம் காதுக்கு எட்டவில்லை.

இதை ஒலியியலில் மறைந்த வேறுபாடு என்ற பொருளில் சொல்வார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இது. குழந்தைக்குத் தெரியவில்லை என்று நாம் எழுதி வைத்திருப்போம். குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது, நாக்குதான் இன்னும் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு ஒலியும் வேறு என்றே அறியாத குழந்தைக்கும், அறிந்தும் சொல்ல வராத குழந்தைக்கும் சிகிச்சையை ஒரே இடத்தில் தொடங்கக் கூடாது. படத்தைப் பார்க்கக் கற்ற மாணவருக்குத்தான் இந்தக் கேள்வியே தோன்றும்.

வாய்க்குள்ளேயே எட்டிப் பார்க்கும் கருவிகளும் உண்டு. தாடைக்குக் கீழே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தால் நாக்கு அசைவதைத் திரையில் நேரடியாகப் பார்க்கலாம். இன்னொரு கருவியில், பல் மருத்துவர் செய்யும் தட்டு போல மேலண்ணத்தில் பொருத்தும் ஒரு மெல்லிய தகடு இருக்கும். அதன் ஒரு வகையில் 62 உணர்விகள் பதித்திருப்பார்கள். நாக்கு எங்கெல்லாம் தொடுகிறதோ அந்தப் புள்ளிகள் திரையில் ஒளிரும். மாணவர்கள் தங்கள் நாக்கையே இதில் பார்த்துக்கொள்வது நல்ல பாடம். 'ழ' சொல்லும்போது நாக்கு எங்கே போகிறது என்று கேட்டால், பிறந்ததிலிருந்து தமிழ் பேசுபவர்களே தடுமாறுகிறோம்.

குரலை மதிப்பிடுவதும் காதுப் பழக்கம்தான். ஜிஆர்பிஏஎஸ் என்ற அளவுகோலில் கரகரப்பு, மூச்சுக் கலப்பு, பலவீனம், இறுக்கம், இவற்றோடு ஒட்டுமொத்தக் குறை என்று ஐந்து கூறுகளுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். ஒரு மாணவர் 1 போடும் குரலுக்கு இன்னொருவர் 2 போடுவார். அனுபவசாலிகள் ஏற்கெனவே மதிப்பிட்டு வைத்த பதிவுகளைக் கேட்பது, நாம் ஒரு மதிப்பெண் போடுவது, உடனே விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று பலமுறை செய்தால்தான் காது ஒரு நிலைக்கு வரும். இதற்குக் கணினி போல பொறுமையான ஆசிரியர் கிடையாது.

ஒரு நொடி, முப்பது படம்

விழுங்குவதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கே தவறு நடந்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரு வாய் தண்ணீர் தொண்டையைக் கடக்க ஏறக்குறைய ஒரு நொடிதான் ஆகிறது. அந்த ஒரு நொடிக்குள் நாக்கு பின்னால் தள்ளுகிறது, மெல்லண்ணம் எழும்பி மூக்கு வழியை அடைக்கிறது, குரல்வளை மேலும் முன்னுமாக நகர்கிறது, குரல்வளை மூடி கவிழ்கிறது, குரல் நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, உணவுக்குழாயின் வாசல் திறக்கிறது. இதில் ஏதாவது ஒன்று சற்றுத் தாமதித்தாலும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். போனால் இருமல் வரும் என்று நினைப்போம். பக்கவாதம் வந்த சிலருக்கு இருமலே வராது. சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், நுரையீரலில் தொற்று வந்த பிறகுதான் வெளியே தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க, எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவையும் நீரையும் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள். நொடிக்கு 30 படம் வீதம் எடுக்க வேண்டும் என்பது பரவலான பரிந்துரை. ஒரு நொடியில் நடப்பதை முப்பது படமாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று அர்த்தம். பாதி வேகத்தில் எடுத்தால் பாதிப் படங்கள் இல்லாமல் போகும். நீர் எட்டிப் பார்த்துத் திரும்பிய அந்த ஒரு கணம், இல்லாத படத்தில் இருந்திருக்கலாம்.

மாணவர் முதல் முறை இந்த வீடியோவைப் பார்க்கும்போது ஒரு கறுப்புக் கோடு கீழே வழுக்கிப் போவது மட்டும்தான் தெரியும். "எல்லாம் சரியாகத்தானே போகிறது?" என்பார். ஆசிரியர் வீடியோவை நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்துகிறார். பதினோராவது படத்தில் குரல்வளை இன்னும் எழும்பவில்லை, நீரோ அதன் வாசலுக்கே வந்துவிட்டது. பதினான்காவது படத்தில் குரல் நாண்களுக்குக் கீழே நூல் போல ஒரு கறுப்பு. முழு வேகத்தில் ஓடவிட்டபோது கண்ணில் படாத நூல் அது. ஒருமுறை பார்த்துவிட்டால், அதற்கப்புறம் முழு வேகத்திலும் தெரிய ஆரம்பிக்கும். கண் பழகுவது இப்படித்தான்.

இந்தப் பழக்கத்தை முறைப்படுத்தவும் வழிகள் வந்திருக்கின்றன. 1996இல் வெளியான ஒரு அளவுகோல், நீரோ உணவோ மூச்சுப் பாதைக்குள் எவ்வளவு தூரம் போனது, உடல் அதை வெளியே தள்ள முயன்றதா என்பதை 1 முதல் 8 வரை எண்ணால் குறிக்கிறது. 1 என்றால் உள்ளே போகவே இல்லை. 8 என்றால் குரல் நாண்களைத் தாண்டிப் போய்விட்டது, உடலில் எந்த எதிர்ப்பும் இல்லை. மேலே சொன்ன சத்தமில்லாத ஆபத்து அதுதான். அமெரிக்காவில் பானி மார்ட்டின்-ஹாரிஸ் குழுவினர் உருவாக்கிய எம்பிஎஸ்இம்ப் என்ற முறை, விழுங்குதலை 17 கூறுகளாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. இணையத்தில் அசைபடங்களோடு பாடம் நடக்கும். கடைசியில், கற்பவர் போடும் மதிப்பெண் நிபுணர்களுடையதோடு 80 சதவீதமாவது ஒத்துப்போனால்தான் தேர்ச்சி. "பார்த்தேன், புரிந்தது" என்று தலையாட்டிவிட்டுப் போக முடியாத பாடம் என்பதால் எனக்கு இதன் மேல் தனி மரியாதை.

நோயாளியாக நடிப்பவரும் திரையில் வரும் நோயாளியும்

காதும் கண்ணும் பழகினால் போதுமா? எதிரே ஒரு மனிதர் இருக்கிறாரே.

1963இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் ஹவர்ட் பேரோஸ், நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளி போல நடிக்க வைத்து மாணவர்களுக்குத் தேர்வு நடத்தினார். மருத்துவக் கல்வியில் தொடங்கிய இந்த முறை பேச்சு சிகிச்சைக்கும் வந்து சேர்ந்தது. இதைச் சிமுலேஷன், அதாவது பாவனைப் பயிற்சி என்கிறார்கள்.

ஒரு காட்சி. பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு இழந்தவராக ஒருவர் நடிக்கிறார். மாணவர் கேட்கும் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்கிறார். "வீட்டில் மனைவி இருக்கிறாங்களா?" ஆமாம். "தனியாகவா இருக்கீங்க?" அதற்கும் ஆமாம். மாணவருக்கு வியர்க்கிறது. கேள்வி புரியாமல் சொல்கிறாரா, புரிந்தும் 'இல்லை' என்ற சொல் வாயில் வரவில்லையா? பதற்றத்தில் இன்னும் வேகமாக, இன்னும் நீளமாகக் கேட்கிறார். எதிரே இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பத்து நிமிடத்தில் காட்சி முடியும். அப்புறம்தான் பாடமே ஆரம்பிக்கிறது. ஆசிரியர், மாணவர், நடித்தவர் எல்லாரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். எந்த இடத்தில் குழம்பினீர்கள், அப்போது என்ன நினைத்தீர்கள், படம் காட்டிக் கேட்டிருக்கலாமா, தலையசைப்பைக் கவனித்தீர்களா என்று கேள்விகள் வரும். நடித்தவர், "நீங்கள் வேகமாகப் பேசியபோது என்னை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்ட மாதிரி இருந்தது" என்பார். உண்மையான நோயாளியால் இதைச் சொல்ல முடியாது. சொல்லத்தான் அவரிடம் சொற்கள் இல்லையே. இந்தப் பின்பேச்சு இல்லாமல் காட்சியை மட்டும் நடத்திவிட்டுப் போவது, தேர்வு வைத்துவிட்டுத் தாளைத் திருத்தாமல் விடுவதற்குச் சமம்.

திரையில் வரும் நோயாளி வேறு மாதிரி. சிமுகேஸ் போன்ற இணையத் தளங்களில் ஒரு நோயாளியின் வரலாறு, வீடியோ, சோதனை முடிவுகள் எல்லாம் இருக்கும். குடும்பத்தாரிடம் என்ன கேட்பது, எந்தச் சோதனை செய்வது, முடிவாக என்ன எழுதுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் மாணவர்தான் தீர்மானிக்க வேண்டும். தேவையில்லாத சோதனையைத் தேர்ந்தெடுத்தால் தளம் சுட்டிக்காட்டும். எப்படி யோசிப்பது என்பதை இது நன்றாகக் கற்றுக்கொடுக்கிறது. ஒரு மனிதரின் முகம் வாடும்போது என்ன செய்வது என்பதை நடிப்பவர்தான் கற்றுக்கொடுக்க முடியும். ஒன்றை வைத்து இன்னொன்றை ஈடுகட்டப் பார்ப்பது தவறு.

பாவனைப் பயிற்சி நிஜப் பயிற்சிக்கு எவ்வளவு தூரம் மாற்றாகும்? ஆஸ்திரேலியாவில் ஆறு பல்கலைக்கழக மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு அதில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு நேரம் பாவனைப் பயிற்சி. கடைசியில் இரு பிரிவினரின் திறமையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் சான்றிதழுக்குத் தேவையான 375 மணி நேர நேரடிப் பயிற்சியில் 75 மணி நேரம் வரை பாவனைப் பயிற்சியாக இருக்கலாம் என்று விதியே உண்டு. அதுவும் ஐந்தில் ஒரு பங்குதான். மீதி நான்கு பங்கு மனிதர்களோடுதான்.

ஒரு மொபைல் போதும்

இவ்வளவு கருவிகளைச் சொல்லிவிட்டு இதைச் சொல்வது விசித்திரமாக இருக்கலாம். ஆனால் நான் முதலிடம் கொடுப்பது, மாணவர் தான் நடத்திய சிகிச்சை வேளையை மொபைலில் பதிவு செய்து தானே பார்ப்பதற்குத்தான்.

யாருக்கும் இது பிடிக்காது. முதல் ஐந்து நிமிடம் தன் குரலையும் முடியையும் பார்த்துக் கூச்சப்படுவதிலேயே போகும். அது கடந்தால் உண்மை தெரியும். ஒரு கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருந்தோம் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். 'நான் நிறைய நேரம் கொடுத்தேன்' என்று நினைத்திருப்போம். பார்த்தால் இரண்டு நொடி. மூன்றாவது நொடியில் குழந்தையின் உதடு குவிகிறது, அதே கணம் நாமே விடையைச் சொல்லிவிடுகிறோம். அந்த உதட்டை அறையில் இருந்தபோது நாம் பார்க்கவே இல்லை.

நேரடியாகத் திருத்தவும் வழி உண்டு. மாணவர் காதில் சிறிய இயர்போன். ஆசிரியர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமோ வீடியோ அழைப்பிலோ இருந்து, "கொஞ்சம் பொறுங்கள்", "படத்தைக் காட்டுங்கள்" என்று மெதுவாகச் சொல்வார். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் போனால் மாணவர் நோயாளியை விட்டுவிட்டு இயர்போனைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்.

இன்னொரு பயிற்சியும் உண்டு. பேச முடியாதவர்கள் பயன்படுத்தும், படத்தையோ எழுத்தையோ தொட்டால் குரல் கொடுக்கும் செயலியை மாணவர் ஒரு நாள் முழுக்கப் பயன்படுத்த வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வாக்கியத்தைத் தட்டி முடிப்பதற்குள் நண்பர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் புரியாத ஒன்று அன்று மதியத்துக்குள் புரிந்துவிடும்.

தமிழில் படிப்பவர் கவனிக்க வேண்டியது

உண்மையான நோயாளிகளின் பதிவுகளைக் கல்விக்காகச் சேர்த்துவைக்கும் களஞ்சியங்கள் இருக்கின்றன. உளவியல் ஆய்வாளர் பிரையன் மெக்வின்னி தலைமையில் உருவான டாக்பேங்க் அவற்றில் பெரியது. குழந்தைகளின் பேச்சைச் சேர்க்கும் அதன் பிரிவு 1984இலேயே தொடங்கியது. பக்கவாதத்தால் மொழி இழந்தவர்களின் பதிவுகளுக்கும் திக்கிப் பேசுபவர்களின் பதிவுகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. பலரும் ஒரே கதையைச் சொன்ன பதிவுகள் கிடைப்பதால், ஒருவர் பேச்சில் என்ன உடைந்திருக்கிறது, இன்னொருவர் பேச்சில் எது பிழைத்திருக்கிறது என்று மாணவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் இந்தப் பதிவுகளிலும் மென்பொருள்களிலும் ஆங்கிலம்தான் அதிகம். ஆங்கிலத்தில் 'ழ' இல்லை, 'ல', 'ள' வேறுபாடு இல்லை, ஒரே வினைச்சொல்லுக்குள் ஆள், எண், காலம் எல்லாவற்றையும் ஏற்றிச் சொல்லும் வழக்கமும் தமிழ் அளவுக்கு இல்லை. அதில் மட்டும் காதைப் பழக்கிய மாணவர், 'வாழப்பழம்' என்பதை 'வாளப்பளம்' என்று சொல்லும் குழந்தையைப் பார்த்துக் குறைபாடு என்று எழுதிவிடலாம். வீட்டில் எல்லாருமே அப்படித்தான் பேசுகிறார்கள் என்றால் அது வழக்கு, குறைபாடு இல்லை. இதைப் பிரித்துப் பார்க்க மென்பொருளால் முடியாது. அந்த வீட்டுப் பேச்சைக் கேட்ட காதால்தான் முடியும்.

பேச்சை எழுத்தாக்கும் ஏஐ செயலிகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிழைகளைச் சரிசெய்து, பெரும்பாலும் யாரும் சொல்லக்கூடிய வாக்கியமாக எழுதித் தருவதுதான் அவற்றின் வேலை. குழந்தை "தாத்தா பறக்குது" என்று சொன்னதை அது "காக்கா பறக்குது" என்று திருத்தி எழுதிவிட்டால், சிகிச்சையாளர் தேடிய தடயமே அழிந்துபோகும். அதனால் முதல் முறை மாணவர் கையால்தான் எழுத வேண்டும்.

அப்புறம், அந்தரங்கம். ஒருவரின் குரலும் முகமும் அவருடையவை. எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்பதைப் புரியும்படி சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். மொழி இழந்தவருக்குப் படம் காட்டியாவது புரியவைக்க வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நோயாளியின் வீடியோவைப் போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

புதிதாக இந்தப் படிப்பில் சேர்ந்திருப்பவர் இன்றைக்கே ஒன்று செய்து பார்க்கலாம். பெற்றோரின் அனுமதியோடு ஒரு சின்னக் குழந்தையிடம் ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். முதல் முறை, குழந்தை என்ன சொல்கிறது என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது முறை, அர்த்தத்தை விட்டுவிட்டு ஒலிகளை மட்டும் கேட்டு, கேட்டது கேட்டபடியே எழுதுங்கள். மூன்றாவது முறை குழந்தையை விட்டுவிட்டு உங்களைக் கேளுங்கள்: எத்தனை தடவை குறுக்கே பேசினீர்கள், எத்தனை நொடி பொறுத்திருந்தீர்கள் என்று எண்ணித் தாளில் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் இதே குழந்தையோடு திரும்பப் பேசும்போது அந்தத் தாள் பக்கத்தில் இருக்கட்டும்.